தனக்கென்று செய்த பெட்டி

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் மாசிலாமணி சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் சுருக்கமாக ‘பெட்டிக்கடை மாசிலாமணி’ என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிச் சில வெளியூர்க்காரர்கள் பீடி கேட்டு வந்ததுண்டு. வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே திரும்பிப் போவார்கள். பீடியை விடவைக்கிற விஷயத்தில் தன்னைப்போல் ஊழியம் செய்தவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று மாசிலாமணி பெருமையடித்துக்கொள்வார்.

அவருக்குச் சங்கடமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஆராதனை முடிகிற நேரத்தில், தொழில் பெருக ஜெபம் வேண்டுகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று பாஸ்டர் ஆனந்தன் அழைப்பார். மளிகைக்கடை எழுந்திருக்கும், மருந்துக்கடை எழுந்திருக்கும், ஜெராக்ஸ் கடைகூட எழுந்திருக்கும். மாசிலாமணி மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்கிறவர்போல் குனிந்துகொள்வார். ஒரு தடவை ஞாபகப்பிசகாக எழுந்து நின்றுவிட்டார். முன்வரிசையில் இருந்த வயதான பெண்கள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அவர் தனியாகச் செய்கிற ஜெபம் வேறு: ‘ஆண்டவரே, வியாபாரத்தைக் கொடும், ஆனால் யாரையும் எடுத்துக்கொள்ளாதேயும்.’ இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஆண்டவரே குழம்பியிருப்பார் என்பது அவருடைய மனைவி ஜாக்குலினின் கருத்து.

ஜாக்குலின் அவரைவிட ஒரு சாண் உயரம். கல்யாணப் போட்டோவில் மாசிலாமணி முக்காலிமேல் நிற்பது முக்காலி தெரியாதபடி எடுக்கப்பட்டிருந்தது. அவள் இரண்டு வருடத்துக்கு முன்னால் மூளையில் ரத்தக்கசிவு வந்து, காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தவள், மத்தியானத்துக்குள் போய்விட்டாள். அந்த வாரம் கடையில் இருந்த நீளப் பெட்டிகள் எல்லாம் விற்றுப்போயிருந்தன. மிச்சமிருந்தது ஐந்தரை அடிப் பெட்டி ஒன்று. உறவுக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். மாசிலாமணிக்கும் அன்றைக்குப் புத்தி ஓடவில்லை. அவளுடைய முழங்காலைக் கொஞ்சம் மடக்கித்தான் வைத்தார்கள். துணி போர்த்தியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுத்தவன் பெண்டாட்டிக்கு அளவு பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவர் பாடகர் குழுவுக்குப் போகவில்லை. குழுவில் கட்டைக்குரல் பாஸ் பாட அவர் ஒருவர்தான் இருந்தார். ஆராதனைக்கு வந்தால் கடைசி வரிசை, ஆசீர்வாதம் சொல்வதற்குமுன் வெளியே. வீட்டுச் சமையலறைப் பக்கமே போவதில்லை. மூன்று வேளையும் ஓட்டல், இரவில் பரோட்டா பார்சல். ஜெபம் மட்டும் செய்துகொண்டிருந்தார். அதுவும் பழக்கத்தில், எதிர்முனையில் ஆள் இல்லாத போனில் பேசுகிறவர்போல.

போன ஜனவரியில் அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, “வாயு. நல்லா நடங்க. பரோட்டாவ விடுங்க” என்றார். மாசிலாமணிக்கு இது அவமானமாக இருந்தது. இரண்டு வருடத் துக்கத்துக்குக் கிடைத்த பெயர் வாயுவா? டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டினார். ஈஸ்டருக்குள் தான் போய்ச் சேர்ந்துவிடுவது நிச்சயம் என்று தேதிகூட ஏறக்குறையக் குறித்துக்கொண்டார்.

போகிறவன் ஒழுங்காகப் போகவேண்டும் என்று தனக்கொரு பெட்டி செய்யச் சொன்னார். அவரிடம் இருபது வருடமாகத் தச்சுவேலை செய்கிற கலையரசன், அளவைக் கேட்டுவிட்டு இழைப்புளியைக் கீழே வைத்தான்.

“அண்ணாத்த, நீ கீறது அஞ்சேகால் அடி. ஆறரை அடி பொட்டி இன்னாத்துக்கு? உள்ள உருண்டுகினு இல்ல போவ?”

“தலகாணி வச்சிக்கலாம். நீ செய்யி.”

“எத்தினி தலகாணி?”

காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பது மாசிலாமணிக்கே அசட்டுத்தனமாகத்தான் இருந்தது. நீட்டவேண்டிய கால் அவருடையது அல்லவே. ஆனாலும் செய்யவைத்தார். நல்ல தேக்கு, உள்ளே வெள்ளை சாட்டின், இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி. மூடியின்மேல் ஒரு பித்தளைத் தகடு. அதில், ‘மாசிலாமணி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று பொறித்து, பிறந்த தேதி போட்டு, மற்ற தேதிக்கு இடம் விட்டிருந்தது. தகடு திருட்டுப் போகாமலிருக்க ஸ்குரு வேண்டாம், ரிவெட் அடித்துவிடு என்றும் சொன்னார். “உசிரே போனாலும் இது கழலாது” என்று கலையரசன் உத்தரவாதம் கொடுத்தான்.

பெட்டி கடைக்குள் நின்றது. மாசிலாமணி காலையில் வந்ததும் அதை முதலில் துடைப்பார். அடக்க ஆராதனையில் என்னென்ன பாட்டு, யார் யார் தூக்குவது என்றெல்லாம் எழுதிவைத்தார். நன்றாகப் பாடாதவர்கள் பட்டியல் ஒன்றும் தனியாக இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாகவில்லை. நெஞ்சு வலியும் பரோட்டா தின்ற மறுநாள் மட்டுமே வந்தது.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் முனியம்மா என்றாள். திருவிடந்தைக்குத் தெற்கே கடலோரத்தில் வீடு. புருஷன் ராஜமாணிக்கம் ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் வாசலில், தலைப்பாகை கட்டி, மீசை முறுக்கி, வருகிற கார்களுக்கெல்லாம் சலாம் போடுகிற வேலையில் இருந்தவர். வெள்ளிக்கிழமை வெயிலில் நின்றுகொண்டிருந்தவர் சலாம் போட்ட கை இறங்குவதற்குள் விழுந்துவிட்டார். மாரடைப்பு. உடம்பு ஆஸ்பத்திரியில் இருந்தது. சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம்.

“எவ்ளோ ஒயரம்மா?” என்றார் மாசிலாமணி.

“ஆறடி மூணு இன்ச்சுண்ணா. அந்த ஒயரத்துக்குத்தான் வேலையே குட்த்தாங்க.”

கடையில் விற்பனைக்கு இருந்தவற்றில் பெரியது ஆறடி. அதுவும் வெளியளவு. புதிதாகச் செய்ய அன்றைக்குப் பொழுது போதாது. பக்கத்திலிருந்த இரண்டு கடைகளிலும் அவள் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

“அவங்க இன்னா சொன்னாங்க?”

“ஆறடிலியே வச்சிடலாம், கொஞ்சம் கால மடக்கிக்கினா சரியாப்பூடும்னாங்க.” அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள்: “பதினோரு வருசமா நின்னுகினே இருந்த மனுசன்ணா. கால நீட்டிப் படுக்க வச்சி அனுப்பணும்.”

கலையரசன் மாசிலாமணியைப் பார்த்தான். பிறகு சாட்டின் பெட்டியைப் பார்த்தான். மாசிலாமணி அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்.

அவருக்குள் என்ன நடந்தது என்று அவரே பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சமும் வெட்கப்படாமல். முதலில், ‘அது விற்பனைக்கு இல்லை’ என்று சொல்ல வாய் திறந்தார். அடுத்து, ‘அடுத்த வாரம் நான் செத்தால் எனக்கு என்ன வழி’ என்று நினைத்தார். அதற்கும் அடுத்து, தேக்குப் பலகை இனி இந்தத் தரத்தில் கிடைக்காது என்று நினைத்தார். ஜாக்குலினின் முழங்கால் கடைசியாகத்தான் ஞாபகம் வந்தது. வந்தபிறகு மற்றதெல்லாம் நிற்கவில்லை.

“இத்த எட்த்துகினு போம்மா” என்றார்.

முனியம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்கப் பயந்து நின்றாள்.

“காசு வேணாம். எனக்குன்னு செஞ்சி வச்சேன். எனக்கு இப்போதிக்கி அவசரம் இல்ல போலகீது.”

தகட்டைக் கழற்ற அரைமணி நேரம் போராடினார்கள். உளி வைத்தார்கள், நெம்பினார்கள். கலையரசன் கொடுத்த உத்தரவாதம் சொக்கத்தங்கம். தகடு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்தது. கடைசியில் அதன்மேல் ஒரு பெரிய மலர்வளையத்தைக் கட்டி மறைத்து வண்டியில் ஏற்றினார்கள்.

மாசிலாமணியும் வண்டியில் ஏறிக்கொண்டார். துக்கத்தில் பங்கெடுக்கப் போவதாக முனியம்மாவிடம் சொன்னார். வழியில் எவனாவது பாலிஷைக் கீறிவிடுவான் என்ற கவலைதான் உண்மைக் காரணம்.

கடலோரக் கல்லறைத் தோட்டம் முழுக்க மணல். குழியின் பக்கங்கள் சரியாமல் பலகை கொடுத்து வைத்திருந்தார்கள். சின்னச் சபை, நாற்பது பேர்கூட இல்லை. ரிசார்ட்டிலிருந்து யூனிபாரத்திலேயே எட்டுப் பேர் வந்திருந்தார்கள். தேக்குப்பெட்டி, அதற்குள் ஆறடி மூன்றங்குலம். தூக்கியவர்கள் மூச்சுக்கு நடுவே கர்த்தரை வேண்டினார்களா வேறு ஏதாவது சொன்னார்களா என்று தெரியவில்லை. மாசிலாமணியும் போய்த் தோள் கொடுத்தார். ஆனால் மற்ற ஐந்து பேரும் உயரமானவர்கள். பெட்டி அவருடைய தோளுக்கு அரையடி மேலேயே போய்க்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தி அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டே நடந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் பெட்டியிடம் சரணடைவதுபோல் தெரிந்திருக்கும்.

குழிக்கருகே பாட்டு ஆரம்பித்தார்கள். கடற்காற்றில் அது எடுபடவில்லை. நாலைந்து பெண்கள் மேல்ஸ்தாயியில் தொடங்கிவிட்டு, இரண்டாவது அடியிலேயே ஏற முடியாமல் திணறினார்கள். முனியம்மாவின் குரல் உடைந்தது. பாட்டு நின்றுவிடும்போல இருந்தது. மாசிலாமணிக்கு அழுகையைப் பொறுத்துக்கொள்ள முடியும், சுருதி விலகுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அடியிலிருந்து பிடித்துக் கொடுத்தார். இரண்டு வருடம் மூடிவைத்த குரல், முதலில் துருப்பிடித்த கேட் திறப்பதுபோல் வந்து, பிறகு சரியாயிற்று. பெண்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டார்கள். அவர் இறந்தவருக்காகப் பாடுகிறோமா, ஜாக்குலினுக்காகப் பாடுகிறோமா என்று யோசிக்கவில்லை. மூன்றாம் சரணத்தில் கண் மறைத்தது. வார்த்தை தெரிந்த பாட்டு என்பதால் தப்பித்தார்.

பெட்டியை இறக்குமுன் மலர்வளையத்தை எடுத்தார்கள். தகடு வெயிலில் பளிச்சென்று மின்னியது. முனியம்மாவின் உறவுக்காரர் ஒருவர் போனில் படம் பிடித்தார். மாசிலாமணி அதைக் கவனிக்கவில்லை. பாலிஷ் எங்கும் கீறவில்லை என்ற திருப்தியில் இருந்தார்.

மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை எடுத்தபோது சபையின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப்பன்னிரண்டு செய்திகள் கிடந்தன. அந்தப் படம் யார் யார் கையோ மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. திறந்த குழி, தேக்குப்பெட்டி, தகட்டில் அவர் பெயர், நித்திரையடைந்தார்.

மனிதனுக்கு இந்த வாய்ப்பு லேசில் கிடைக்காது என்று மாசிலாமணி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். கும்பிடுகிற கைகள் ஏராளம். ‘மிகவும் சாதுவான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்’ என்று ஒருவர். அந்த ஒருவரோடு சைக்கிள் ஸ்டாண்டு விஷயத்தில் மூன்று மாதம் சண்டை போட்டிருந்தார். ‘அடக்கம் முடிந்துவிட்டதா, நமக்கு ஏன் சொல்லவில்லை?’ என்று ஒருவர். ‘அவருடைய கடையை யார் நடத்துவார்கள்?’ என்று ஒருவர், விசாரித்ததில் துக்கம் கம்மி. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு மெழுகுவர்த்திப் படம் போட்டு, கீழே தன் கடை முகவரியை எடுக்க மறந்திருந்தார்.

எழுபதாவதோ எண்பதாவதோ, பாடகர் குழுத் தலைவி சுஜாதா எழுதியது: ‘பாஸ் இல்லாமல் இரண்டு வருஷமாக எங்கள் பாட்டு நொண்டுகிறது. அவர் வருவார் என்றுதான் அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடாமல் விட்டது எங்கள் தப்பு.’

மாசிலாமணி போனை மடியில் கவிழ்த்துவைத்தார். வெளியே திருக்கழுக்குன்றம் மலை வந்து போயிற்று. பக்கத்திலிருந்தவர், “இன்னா சார், கெட்ட சேதியா?” என்று கேட்டார்.

“நமக்கு வேண்டியவர் ஒருத்தரு தவறிட்டாரு” என்றார் மாசிலாமணி.

அப்போது போன் அடித்தது. பாஸ்டர் ஆனந்தன். குரல் தழுதழுத்தது.

“வணக்கங்க, சபையிலேருந்து பேசறேன். மாசிலாமணி ஐயா குடும்பத்துல யாருங்க பேசறது?”

“நான்தாங்க ஐயா.”

“நான்தான்னா?”

“மாசிலாமணிதான்.”

எதிர்முனையிலிருந்து மெல்ல, “ஸ்தோத்திரம்” என்று கேட்டது. அதில் நன்றியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, மாசிலாமணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குழுவில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: ‘நான் இன்னும் நித்திரையடையவில்லை. பஸ்ஸில் இருக்கிறேன். திருக்கழுக்குன்றம் தாண்டியாச்சு. சுஜாதாம்மா, நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?’

மறுநாள் குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சிலர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். பாஸ்டர் ஆனந்தனுக்குப் பிரசங்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தனக்கென்று வெட்டிவைத்த புதுக் கல்லறையை, சிலுவையில் இறந்த ஆண்டவருக்கு விட்டுக்கொடுத்த பைபிள் பணக்காரரைப் பற்றிச் சொல்லி, “நம்ம நடுவுலயும் ஒருத்தர் இருக்காரு” என்று கை காட்டினார். சபை திரும்பியது. மாசிலாமணிக்குக் காது சூடேறியது. ஒரு நிமிடம் சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடம், அந்தப் பணக்காரருக்குக் கல்லறை மூன்றாம் நாளே காலியாகத் திரும்பி வந்துவிட்டதே, நம் தேக்கு வராதே என்று தோன்றியது. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு கைதட்டு வாங்குவது நியாயமில்லை என்று எழுந்து நின்றார்.

“ஐயா, நான் மனசார ஒண்ணும் குடுக்கல” என்றார். “வண்டி மாமல்லபுரம் தாண்டற வரைக்கும் திருப்பிக் கேக்கலாமான்னுதான் யோசிச்சுகினு இருந்தேன். அது மட்டும் இல்ல. ஜாக்குலினுக்கு நான் வச்ச பொட்டி பத்தல. கால மடக்கித்தான் வச்சேன். ரெண்டு வருசமா யாருகிட்டயும் சொல்லல.”

முன்வரிசை வயதான பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். கடுமையாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் அவர் கையைப் பிடித்து, “அவ கால நீட்டித் தூங்கறவ இல்ல, எப்பவும் கால மடக்கித்தாம்ப்பா படுப்பா. எங்கூட சபை ரிட்ரீட்டுக்கு வந்து ஒரே ரூம்ல படுத்திருக்கா, எனக்குத் தெரியும்” என்றாள். உண்மைதான். இருபத்தொன்பது வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு அது ஞாபகமேயில்லை. துக்கத்திலும் தன்னுடைய தப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் செத்தவள் எப்படிப் படுப்பாள் என்பதுகூட மறந்துபோகிறது. மாசிலாமணி அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதார். பிறகு பாடகர் குழுவில் காலியாக இருந்த நாற்காலிக்குப் போனார்.

ஈஸ்டர் வந்தது. அவர் செத்திருக்கவேண்டிய நாளில் வெள்ளைச் சட்டை போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. வீட்டுக்குத் திரும்பினால் அதே நாற்காலி, அதே சுவர்.

ராஜமாணிக்கத்தின் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு முனியம்மா போன் செய்து கூப்பிட்டிருந்தாள். போனார். ரிசார்ட்டில் அவளுக்குத் துணி மடிக்கிற பிரிவில் வேலை கொடுத்திருந்தார்கள். வாசலில் புதிதாக நிற்கிறவன் ஐந்தடி எட்டுதான், சலாமும் சரியில்லை என்று குறைப்பட்டாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேண்ணா. மேல போய்க் கூப்ட்டா அவரு எந்தப் பேருக்கு எழுந்துப்பாரு? பொட்டில உங்க பேரில்ல கீது?”

“எதுக்கும் ரெண்டு பேருக்கும் பதில் சொல்லட்டும்” என்றார் மாசிலாமணி. அவள் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பகல்ல ஒண்ணும் தெரில. வெளக்கு வெக்கிற நேரம் வந்தாத்தான் பேஜாரா கீது.”

“ஆமா” என்றார் அவர். “அந்த நேரம்தான்.”

“நான் அப்போ அடுப்பப் பத்த வச்சிடுவேன். கொழம்பு வச்சா வூட்டுல ஆளு கீற மாரி வாசனை வரும். திங்க ஆளில்லன்னா பக்கத்து வூட்டுக்குக் குட்த்துடுவேன்.”

அன்றைக்குச் சங்கரா மீன் குழம்பு. மாசிலாமணி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பசி என்று ஒன்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கை கழுவிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “இத்த எப்பிடிம்மா வெக்கிறது?” என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, ஜெப அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயந்திரம் சமையலறை விளக்கைப் போட்டார். மிளகாய்த்தூள் டப்பாவை மூன்றாவது இடத்தில் கண்டுபிடித்தார். ஜாக்குலின் வைத்த இடத்தில்தான் இருந்தது, அவர்தான் தேடத் தெரியாமல் தேடினார். மீன் பாதி கரைந்தது, புளி தூக்கலாகிவிட்டது. ஆனால் வீடு முழுக்க வாசனை வந்தது. தாங்கமுடியாமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அதை மறுநாள் டிபன் கேரியரில் கடைக்குக் கொண்டுபோய்க் கலையரசனுக்குப் போட்டார். அவன் ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, விழுங்கினான்.

“அண்ணாத்த, இத்த தெருவுல நாலு வூட்டுக்குக் குடு. நம்ம யாவாரம் எங்கியோ பூடும்.”

மாசிலாமணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. கலையரசன் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தான். பிறகு இருவரும் பாத்திரத்தை வழித்துத் தின்றார்கள். சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் மாசிலாமணி, புளியைப் பாதியாகக் குறைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே கால்கிலோ சின்ன வெங்காயம் வாங்கினார்.